நாடு முழுக்க நலத்தை அளக்க எந்தப் படிவம்? ஈக்யூ-5டி, எஸ்எஃப்-36, மற்ற இரண்டு

வீடு வீடாகப் போய் எடுக்கும் உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்றுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் குழுவில் இருந்தேன். எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு என்று கேட்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நோயோடு அவர்கள் எப்படி நாளைக் கடத்துகிறார்கள், நடக்க முடிகிறதா, வலி எவ்வளவு, மனசு எப்படி இருக்கிறது என்பதை எந்தப் படிவத்தால் அளப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. கடைசியில் ஈக்யூ-5டி-5எல் படிவத்தை எடுத்தோம். நாடு தழுவிய கணக்கெடுப்புக்கு யார் கேட்டாலும் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

போட்டியில் இருந்தவை நான்கு. யூரோகால் என்ற பன்னாட்டு ஆய்வாளர் குழுவின் ஈக்யூ-5டி-5எல், நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை என ஐந்தே கேள்வி கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிநிலை; 1 என்றால் சிரமமே இல்லை, 5 என்றால் மிக மோசம். கூடவே இன்றைய உடல்நிலைக்கு 0 முதல் 100 வரை எண் கொடுக்கும் ஓர் அளவுகோல். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் ஆய்விலிருந்து பிறந்த எஸ்எஃப்-36, 36 கேள்விகளில் எட்டுப் பகுதிகளை அளக்கும்; அதன் சுருக்கம் எஸ்எஃப்-12. உலக சுகாதார நிறுவனத்தின் ஹூகால்-பிரெஃப்பில் 26 கேள்விகள். அப்புறம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் நான்கு கேள்விகள். ‘கடந்த 30 நாளில் எத்தனை நாள் உடம்பு சரியில்லை, எத்தனை நாள் மனசு சரியில்லை’ என்ற பாணியில் அவை அங்கே 1993 முதல் தொலைபேசிக் கணக்கெடுப்பில் கேட்கப்படுகின்றன.

எது நீளம், எது குட்டை என்பது பார்த்தாலே தெரியும். உரிமக் கட்டணம் ஒரு பொருட்டுதான், ஆனால் தீர்க்கும் விஷயமல்ல. லாப நோக்கமில்லாத ஆய்வுக்கு ஈக்யூ-5டி பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். எஸ்எஃப்-36இன் ராண்ட் வடிவமும் இலவசம்தான்.

சிடிசி கேள்விகள் ஆண்டுக்காண்டு போக்கைப் பார்க்க அருமையானவை. அமைச்சருக்கும் புரியும், செய்தித்தாளிலும் போடலாம். ஆனால் ‘சரியில்லாத நாள்’ எவ்வளவு சரியில்லை என்பது அதில் தெரியாது. லேசான தலைவலி இருந்த நாளும் எழுந்திருக்கவே முடியாத நாளும் ஒன்றாகவே எண்ணப்படும்.

ஹூகாலை விடத்தான் எனக்கு மனமில்லை. அதை உருவாக்கிய தொடக்க ஆய்வு மையங்களில் சென்னையும் ஒன்று. வேறெங்கோ எழுதியதை நம் மேல் போட்ட படிவமல்ல அது. ஆனால் அது பணவசதி, போக்குவரத்து, சுற்றுப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறது. வாழ்க்கைத் தரத்தை முழுசாக அளக்க அது சரி. உடல்நலத்தால் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. தாம்பத்திய உறவில் திருப்தியா என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. ஒற்றை அறை வீட்டில், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு மருமகளிடம் அதை எப்படிக் கேட்பது? மாதிரிப் பேட்டிகளில் களப் பணியாளர்கள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு தாங்களே ஒரு பதிலைக் குறித்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்தோம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆக, உண்மையான போட்டி எஸ்எஃப்-36க்கும் ஈக்யூ-5டிக்கும்தான். இரண்டில் எது நுணுக்கமானது என்றால் எஸ்எஃப்-36தான், சந்தேகமே இல்லை. அப்படியிருந்தும் அதை எடுக்காததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: வந்த பதிலை எண்ணாக மாற்றும்போது யாருடைய மதிப்பீட்டை வைத்து மாற்றுகிறோம் என்பது.

முழங்கால் தேய்ந்த ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க ஓரளவு சிரமம், குளிக்க உடுத்தச் சிரமமில்லை, வீட்டு வேலையில் ஓரளவு சிரமம், கடுமையான வலி, லேசான கவலை. ஈக்யூ-5டியில் அவருடைய நிலை 31342. இப்படி 3,125 நிலைகள் சாத்தியம். இந்த ஐந்து இலக்கத்தை வைத்துக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. அதற்கு ஒரு மதிப்பு வேண்டும். அந்த மதிப்பைப் பொதுமக்களிடமே கேட்டு வாங்குகிறார்கள். ‘இந்த நிலையில் 10 ஆண்டு வாழ்வது, முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைவான ஆண்டுகள் வாழ்வது, எது வேண்டும்?’ என்று கேட்டு ஆண்டுகளைக் குறைத்துக்கொண்டே போவார்கள். முழு ஆரோக்கியத்தோடு 6 ஆண்டும் அந்த நிலையில் 10 ஆண்டும் சமம் என்று ஒருவர் சொன்னால் அந்த நிலையின் மதிப்பு 0.6. சாவே மேல் என்று தோன்றும் நிலைகளுக்கு மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

இந்த மதிப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐந்திலும் மிக மோசமான 55555 என்ற நிலைக்கு ஜப்பானியர்கள் கொடுத்தது -0.025. இங்கிலாந்தில் -0.285. இந்தியாவில் -0.923. சண்டிகரின் பிஜிஐ மருத்துவ ஆய்வு நிறுவனம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வு இது. ஐந்து மாநிலங்களில் 3,548 பேரை நேரில் கண்டு எடுத்தது. வித்தியாசம் முழுக்கப் பண்பாட்டால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பேட்டி எடுத்த விதத்துக்கும் பங்கு இருக்கும். இருந்தாலும் இது கண்டுகொள்ளாமல் விடக்கூடிய அளவு வித்தியாசமல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 55555இல் கிடக்கும் ஒருவரை முழு ஆரோக்கியத்துக்குக் கொண்டுவரும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு ஆரோக்கியத்தின் மதிப்பு 1. ஆக -0.285இலிருந்து 1 வரை, இங்கிலாந்து மதிப்பில் கிடைக்கும் லாபம் 1.285, முழு ஆரோக்கியமான ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு சுமார் 78,000 ரூபாய். இந்திய மதிப்பில் லாபம் 1.923, செலவு சுமார் 52,000. அதே நோயாளி, அதே மருந்து, அதே பணம். எந்த நாட்டு மதிப்பை வைத்தோம் என்பதை வைத்தே ஒரு சிகிச்சை காப்பீட்டுத் திட்டத்துக்குள் வரலாம், வெளியே நிற்கலாம். நம் ஊர் வலியை வேறொரு ஊர் விலைப்பட்டியலில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எஸ்எஃப்-36இல் இந்த இடம்தான் இடிக்கிறது. அதன் மதிப்பெண்ணில் 50 என்பது வழக்கமாக அமெரிக்கப் பொதுமக்களின் சராசரி. அதிலிருந்து எஸ்எஃப்-6டி என்ற வழியில் ஒற்றை மதிப்பு எடுக்கலாம்தான்; ஆனால் நாங்கள் முடிவெடுத்தபோது கைக்கு எட்டியது பிரிட்டன் மக்களிடம் எடுத்த மதிப்பு. கேள்விகளைத் தமிழில் கேட்டுவிட்டு விடையை அங்கே கொண்டுபோய் எடைபோட வேண்டியிருந்தது.

சொந்த மதிப்பு இருந்தால் மட்டும் போதாது, அதை அரசாங்கம் ஏற்கவும் வேண்டும். இங்கிலாந்தில் 5எல், அதாவது ஐந்து படிநிலைப் படிவத்துக்கான மதிப்பு 2018இல் அச்சில் வந்தபோது, அங்கே மருந்துகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு தரவின் தரத்தைக் கேள்வி கேட்டு அதை ஏற்கவில்லை. 5எல்லில் வாங்கிய பதில்களைப் பழைய மூன்று படிநிலை வடிவத்துக்கு மாற்றிப் பயன்படுத்தச் சொன்னது. ஆகவே படிவத்தைத் தேர்வு செய்யும் முன்பே, உங்கள் நாட்டில் எந்த வடிவத்துக்கு எந்த மதிப்பு செல்லுபடியாகிறது என்று விசாரித்துவிடுங்கள். இலங்கையில் மூன்று படிநிலை வடிவத்துக்கு அந்நாட்டு மக்களின் மதிப்பு 2015இலேயே வெளியாகியிருக்கிறது. அங்கே வேலை செய்பவர் அதை முதலில் பார்க்க வேண்டும்.

சரி, ஈக்யூ-5டியின் குறைகள். பெரிய குறை, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று எல்லாவற்றுக்கும் 1 போட்டுவிட்டுப் போகிறவர்கள். இங்கிலாந்துப் பொதுமக்களில் மூன்று படிநிலை வடிவத்தில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படி 11111ஆக வந்தார்கள். 5எல் வந்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பேர். நன்றாக இருப்பவர்களுக்குள் யார் இன்னும் நன்றாக இருக்கிறார் என்பது இதில் தெரியாது. எஸ்எஃப்-36 அதைக் காட்டும்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. சோர்வைப் பற்றி இதில் ஒரு கேள்வியும் இல்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலையில் எழும்போதே உடம்பு அசந்துபோயிருக்கும் பெண், வலியுமில்லை, நடக்கவும் முடிகிறது, சமையலும் ஆகிவிட்டது என்பதால் 11111 என்று பதிவாகிவிடுவாள். எஸ்எஃப்-36இல் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எஸ்எஃப்-12இல்கூட ஒரு கேள்வி உண்டு. நாங்கள் செய்தது, ஈக்யூ-5டி முழுதும் முடிந்த பிறகு சோர்வைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி சேர்த்தது. மதிப்பில் அது சேராது, ஆனால் பதிவில் இருக்கும். நடுவில் நுழைத்தால் படிவமே கெட்டுப்போகும், அதைச் செய்யாதீர்கள்.

‘இன்று எப்படி இருக்கிறீர்கள்’ என்று மட்டும் கேட்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எஸ்எஃப்-36 பெரும்பாலும் நான்கு வாரத்தை நினைவுபடுத்திக் கேட்கும். ஆஸ்துமாக்காரர் ஒருவரைத் தனியாகப் பார்க்கும்போது இந்த விமர்சனம் சரி. மூச்சு சீராக இருக்கும் நாளில் போனால் அவர் நோயே தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களை வெவ்வேறு நாளில் பார்க்கும்போது நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்துவிடும். கணக்கெடுப்பை மழைக்காலத்தில் மட்டும் நடத்தாமல் ஆண்டு முழுக்கப் பரப்பினால் போதும்.

குழந்தைகளுக்கான ஈக்யூ-5டி-ஒய் வடிவத்தை நான் களத்தில் பயன்படுத்தியதில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 0–100 அளவுகோலைப் பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களிடம் கேட்டபோது 50, 100 என்று முழு எண்களிலேயே பதில்கள் குவிந்தன. அந்த எண்களை நான் அளவோடுதான் நம்புகிறேன். ஒரே குடும்பங்களைப் பல ஆண்டு பின்தொடரும் ஆய்வில் எனக்கு அனுபவம் குறைவு. சிறு மாற்றங்களைப் பிடிக்க வேண்டிய அந்த வேலைக்கு எஸ்எஃப்-12 நல்லதாக இருக்கலாம். பணமும் நேரமும் இருந்தால் மாதிரியில் ஒரு பகுதியினரிடம் மட்டும் அதையும் சேர்த்துக் கேளுங்கள்; எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை.