முதலீட்டு நில விற்பனைக்கான வரி ஆலோசனை: கூடுதல் கட்டணத்துக்குத் தகுதியானதா?

என் தந்தையார் 2005-06 ஆம் நிதியாண்டில் முதலீடாக வாங்கிப் போட்ட நிலத்தை விற்பதென முடிவானபோது, நில விற்பனை வரிக்கு எழுத்து வடிவில் ஆலோசனை தரும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை நாடினோம். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து தர மலிவான கட்டணத்தில் பலர் இருக்கையில், இவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகுமா என்று யோசிப்பவர்களுக்காக இந்த மதிப்பீடு.

விலை என்ன என்பதற்கு முன்பாக, நிலத்தை எதற்காக வாங்கினீர்கள், கடன் பெற்று வாங்கினீர்களா, இடையில் அதில் என்ன செய்தீர்கள் என்றே அவர்கள் கேட்டார்கள். கிரயப் பத்திரத்தோடு வில்லங்கச் சான்றிதழையும் பழைய வரிக் கணக்குகளையும் வாங்கிப் பார்த்தார்கள். இது வீண் விசாரணை அன்று. விற்பனையில் வரும் லாபம் மூலதன ஆதாயமா (முதலீடாக வைத்திருந்த சொத்தை விற்றுப் பெறும் லாபம்), வியாபார வருமானமா என்பதைத் தீர்மானிப்பதே இதுதான். கோயம்புத்தூரில் ஓர் ஆலையின் நிர்வாக முகவர்களாக இருந்த ஜி. வெங்கடசாமி நாயுடு நிறுவனத்தார், ஆலையை ஒட்டிய நிலங்களை வாங்கிப் பின்னர் அந்த ஆலைக்கே விற்ற வழக்கில், லாபத்துக்கு மறுவிற்பனை செய்யும் ஒரே நோக்கத்தோடு வாங்கியதால் அது வியாபாரத் தன்மை கொண்டதே என்று உச்ச நீதிமன்றம் 1958 இல் தீர்ப்பளித்தது. அவர்கள் எங்களுக்கு எழுதித் தந்த ஆலோசனைக் குறிப்பு இந்த வழக்கை மேற்கோள் காட்டியதோடு, எங்கள் நிலை அதிலிருந்து எவ்வாறு மாறுபடுகிறது என்பதையும் விளக்கியது. இந்த ஒரு பக்கத்துக்காகவே கட்டணம் தகும் என்பேன்.

நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்று தரகர் சொல்லியிருந்தார். பிரித்து விற்பதால் மட்டுமே ஒருவர் வியாபாரி ஆகிவிடுவதில்லை என்றும், ஆனால் கடன் வாங்கிச் சாலை அமைத்து, விளம்பரம் செய்து, தொடர்ச்சியாக விற்றால் வரி அதிகாரி அதனை வியாபாரமாகக் கருத இடமுண்டு என்றும் குறிப்பு எச்சரித்தது. அப்படியே செய்ய விரும்பினால், அப்போது நடைமுறையில் இருந்த 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 45(2) பிரிவின்படி நிலத்தை வியாபாரச் சரக்காக மாற்றிய நாளின் சந்தை மதிப்பு வரையிலான உயர்வு மூலதன ஆதாயமாகவும், அதற்கு மேற்பட்டது வியாபார லாபமாகவும் கொள்ளப்படும்; இரண்டுக்கும் விற்கும் ஆண்டில்தான் வரி. ஆகவே மாற்றிய நாளில் மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பெற்று வைக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்கள். நாங்கள் பிரிக்காமல் விற்பதையே தேர்ந்தோம்.

கணக்கீடும் தெளிவு. 2024 ஜூலை 23 க்கு முன் வாங்கிய நிலம், கட்டடம் ஆகியவற்றை நீண்ட காலம் வைத்திருந்து விற்கும் உள்நாட்டுத் தனிநபருக்கு, பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இன்றி 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம் ஆகிய இரண்டில் குறைந்த வரியே பொருந்தும். 2005-06 இல் 10 லட்சத்துக்கு வாங்கிய நிலம் 2025-26 இல் 80 லட்சத்துக்கு விற்றால் முதல் முறையில் 8.75 லட்சமும், இரண்டாவதில் ஏறத்தாழ 9.57 லட்சமும் வரும். அதே நிலம் 40 லட்சத்துக்கே விலைபோனால் 3.75 லட்சத்துக்கு எதிராக இரண்டாவது முறையில் சுமார் 1.57 லட்சம்தான். (வரியின் மீதான செஸ் என்னும் கூடுதல் தீர்வை தனி.) மெல்ல விலையேறிய நிலத்துக்குப் சரிக்கட்டலோடு கூடிய பழைய முறையே சாதகம் என்பது இந்தக் கணக்கைப் பார்த்ததும் விளங்கியது.

தந்தையார் பெயரில் ஏற்கெனவே இரண்டு வீடுகள் இருந்ததால் புதிய வீடு வாங்கிப் பெறும் 54எஃப் பிரிவின் வரி விலக்கு கிடைக்காது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள்; இதை மறைத்து ஆசை காட்டும் ஆலோசகர்களும் உண்டு. ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை, 54இசி பிரிவின்படி வரி விலக்குத் தரும் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் வழியை மட்டும் பரிந்துரைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் பணம் முடங்கும் என்பதையும் சேர்த்தே கூறினார்கள்.

குறைகளும் உள்ளன. குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், விற்பவரான என் தந்தையாருக்கு நான் வரி வரியாக விளக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய குறை, 50சி பிரிவை அவர்கள் தாமாக எழுப்பவில்லை. பத்திரத்துக்கான அரசின் வழிகாட்டி மதிப்பு விற்பனை விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்பையே விற்பனைத் தொகையாகக் கொண்டு வரி கணக்கிடப்படும். ஒப்பந்த நாளிலோ அதற்கு முன்போ முன்பணத்தில் ஒரு பகுதியை வங்கி வழியே பெற்றிருந்தால் ஒப்பந்த நாளின் மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் நான் கேட்ட பிறகே சொல்லப்பட்டது. முன்பணத்தை ரொக்கமாக வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கையில் இதைச் சரிபார்ப்புப் பட்டியலின் தலைப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.

சிறிய மனை ஒன்றை அப்படியே ஒருவருக்கு விற்பவருக்கு இத்தகைய சேவை தேவைப்படாது. பெரிய நிலம், பல பத்திரங்கள், பிரித்து விற்கும் யோசனை ஆகியவை உள்ளவர்கள், ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே இப்படிப்பட்ட அலுவலகத்தை அணுகலாம். பத்திரப் பதிவு முடிந்த பின் சென்றால் பெரும்பாலும் கணக்குத் தாக்கல் வேலையே மிஞ்சும். அதற்கு இந்தக் கட்டணம் அதிகம்.