ஆட்டிறைச்சி மட்டும் என்று சொல்லி சிக்கனை விற்றார்கள்: 5,740 ரூபாய் போச்சு, குட்டி படுத்துவிட்டது

இரவு பதினொன்றரை ஆகிறது. எங்கள் நாய்க்குட்டி உளுந்து என் காலடியில் படுத்திருக்கிறான். இன்று காலைதான் இரண்டாவது முறையாக டிரிப்ஸ் ஏற்றி அழைத்து வந்தோம். ஊசி போட முன்னங்காலில் மழித்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. மனசு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். வயிறு சரியில்லாத குட்டிக்கு உணவு தேர்ந்தெடுப்பது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

உளுந்து கறுப்பு லாப்ரடார், நாலு மாதக் குட்டி. பெயர் வைத்தது என் மகன். வந்த நாளிலிருந்தே அவனுக்கு வயிறு இளகித்தான் போகும். கூடவே காதைச் சொறிவான், பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பான். நக்கி நக்கி விரலிடுக்கெல்லாம் செம்பட்டை நிறமாகிவிட்டது. டாக்டர் மலத்தைப் பரிசோதித்துப் பார்த்தார், பூச்சி இல்லை. குட்டிகளுக்கு ரத்தப்போக்கோடு வரும் பார்வோ வைரஸ் நோயும் இல்லை. தடுப்பூசி எல்லாம் நாள் தவறாமல் போட்டிருக்கிறோம். கடைசியில், "சிக்கன் ஒத்துக்கலையோன்னு சந்தேகமா இருக்கும்மா. நிறுத்திப் பார்ப்போம்" என்றார்.

நாய்களுக்கு உணவு ஒவ்வாமை என்றால் எல்லாரும் அரிசி, கோதுமையைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். ஆனால் பெரும்பாலும் காரணமாக இருப்பது மாட்டிறைச்சி, பால், கோழி போன்றவற்றில் இருக்கும் புரதம்தானாம். அதைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனையும் கிடையாது. இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். நடுவில் பிஸ்கட் துண்டுகூடக் கூடாது. வயிறு சீக்கிரம் சரியாகிவிடும், தோலுக்குத்தான் அத்தனை வாரம் வேண்டும். நன்றாகிவிட்டால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

பத்து நாள் அரிசியைக் குழைய வேகவைத்து, முள் எடுத்த மீனைப் பிசைந்து கொடுத்தோம். ஆறாவது நாளே மலம் கெட்டியானது. அம்மா, "இதையே போட்டுட்டுப் போயேன்டி" என்றார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வளர்கிற லாப்ரடார் குட்டிக்குச் சோறும் மீனும் மட்டும் போதாது, கால்சியமும் பாஸ்பரசும் சரியான அளவில் சேராவிட்டால் எலும்பு வளர்ச்சி கெட்டுவிடும், குட்டிகளுக்கென்றே செய்த, சிக்கன் கலக்காத பாக்கெட் உணவுக்கு மாறுங்கள் என்றார். அவன் இதுவரை சாப்பிடாத ஆட்டிறைச்சியே சரி என்று முடிவானது.

அங்கேதான் மாட்டினேன்.

செல்லப்பிராணிச் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் சொல்லப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதில் 'உணவு ஆலோசகரிடம் பேசுங்கள்' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். ஒரு பெண் பேசினார். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், "பேபி பேரு என்ன மேடம்?" என்றார். சொன்னதும் சிரித்தார். போட்டோ அனுப்பச் சொன்னார். "ஐயோ, பாதம் எப்படிச் சிவந்திருக்கு பாருங்க, ராத்திரி தூங்குறானா?" என்று கேட்டார். மூன்று வாரமாக நானும் சரியாகத் தூங்காத நேரம் அது. அந்த ஒரு கேள்வியில் நான் கரைந்துவிட்டேன். என் தங்கையிடம் பேசுவதுபோல எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஒரு உணவைக் காட்டினார். ஆட்டிறைச்சி மட்டும், அரிசி, வேறு எந்த இறைச்சியும் இல்லை, குட்டிகளுக்கானது. "சிக்கன் துளிகூட இல்லையே?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "கேரன்ட்டி மேடம்" என்றார். 3 கிலோ பை 2,870 ரூபாய். "எட்டு வாரம் கொடுக்கணும்னா நடுவுல ஸ்டாக் தீர்ந்துடக் கூடாது மேடம், ரெண்டா வாங்கிடுங்க" என்றார். வாங்கினேன். 5,740 ரூபாய். திடீரென்று மாற்றாதீர்கள், பழைய சாப்பாட்டோடு கலந்து ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள் என்று அக்கறையாகவும் சொன்னார். சரியான ஆலோசனைதான், டாக்டரும் அதையேதான் சொன்னார்.

திங்கட்கிழமை பை வந்தது. பின்பக்கத்தில் பாதி இடத்தை மறைத்து ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் ஆட்டிறைச்சி, அரிசி, தாது உப்புகள் என்று இருந்தது. இறக்குமதிச் சரக்கு, அதனால் ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அப்புறம் முக்கால் பங்கு. வியாழக்கிழமையே சொறிதல் திரும்பிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி மூன்று மணிக்குள் ஏழு முறை போனான். கடைசி இரண்டு முறை சளியும் ரத்தக் கீற்றும். தோலைப் பிடித்து இழுத்துவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது, ஈறு ஒட்டுகிற மாதிரி காய்ந்திருந்தது, உடம்பில் நீர் வற்றியதற்கான அடையாளம். விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஞாயிறு மதியம் அந்தப் பையைத் தரையில் போட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் அச்சடித்த நிஜப் பட்டியல் இருந்தது. முதல் பெயர் சிக்கன் மீல், அதாவது கோழியை உலர்த்தி அரைத்த தூள். அப்புறம் மக்காச்சோளம், கோதுமை, சிக்கன் கொழுப்பு. எடை அதிகமானதுதான் பட்டியலில் முதலில் வரும். ஆடு எங்கே என்று தேடினேன். எட்டாவதாக இருந்தது, 4 சதவீதம். கை நடுங்கியது எனக்கு.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. சிக்கனைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது என்பது எட்டு வாரம் கழித்து, குட்டி தேறிய பிறகு, டாக்டர் கண்காணிப்பில் செய்ய வேண்டிய கடைசிப் படி. அதை இவர்கள் எனக்கே தெரியாமல் என் கையாலேயே செய்ய வைத்துவிட்டார்கள். இப்போது மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

ஞாயிறே அந்த ஆலோசகரைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை சேவை இல்லையாம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு வேறு ஒரு ஆண் வந்தார். உரித்த ஸ்டிக்கர், அடியில் இருந்த பட்டியல், டிரிப்ஸ் ஏறும் போட்டோ எல்லாம் அனுப்பினேன். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். ரிட்டர்ன் காலம் 7 நாள், நேற்றோடு முடிந்துவிட்டது" என்றார். ஏழு நாள் கலந்து கொடுங்கள் என்றது யார்? ஏழு நாளில் ரிட்டர்னை மூடுவது யார்? இரண்டும் அவர்கள்தானே!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. பையைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க முடியாது என்றார்கள். சரி, இரண்டாவது பை பிரிக்கவே இல்லை, அதையாவது எடுங்கள் என்றேன். காம்போவாக வாங்கியதைப் பிரித்து எடுக்க முடியாதாம். ஸ்டிக்கர் பற்றிக் கேட்டால், அது விற்பனையாளர் ஒட்டியது, நாங்கள் வெறும் தளம்தான் என்றார்கள். விற்பனையாளர் என்று கொடுத்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை. ஒருவர், "தரை துடைக்கிற லிக்விடை மாத்தினீங்களா மேடம்?" என்று கேட்டார். பாசமாகப் பேசிய அந்தப் பெண்ணிடம் ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அப்படி யார் பேசினார்கள் என்ற பதிவே இல்லையாம். நான் போட்ட ஒரு நட்சத்திர விமர்சனம் இரண்டு மணி நேரத்தில் காணாமல் போனது. நேற்று பெரிய மனது வைத்து, அடுத்த கொள்முதலுக்கு 200 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். 5,740 ரூபாய்க்கு 200 ரூபாய் கூப்பன், அதையும் அவர்களிடமே செலவு செய்ய வேண்டும். மருத்துவச் செலவு தனி, அதை இதில் சேர்க்கவே இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இவனுக்கு மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பையின் முன்பக்கம் பெரிதாக ஆடு, மீன் என்று இருப்பதை நம்பாதீர்கள், பின்பக்கப் பட்டியலை முழுக்கப் படியுங்கள். 'பவுல்ட்ரி' என்று இருந்தாலும் கோழி இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த பட்டியலை மறைத்து ஸ்டிக்கர் இருந்தால் பையைத் தொடாமலே திருப்பி அனுப்புங்கள். எவ்வளவு சொன்னாலும் முதலில் இருப்பதிலேயே சிறிய பை ஒன்றுதான் வாங்குங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். போனில் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், என்னிடம் அது இல்லை. குட்டி ரத்தமாகப் போனால் உணவுதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு காத்திருக்காதீர்கள், பார்வோவாகவும் இருக்கலாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

புதன்கிழமை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கும் மெயில் போட்டிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை.

பிரிக்காத இரண்டாவது பை அலமாரி மேல் இருக்கிறது. அதன் ஸ்டிக்கரை நான் தொடவில்லை. ஆணையத்தில் அவர்கள் முன்னாலேயே உரித்துக் காட்டப் போகிறேன்.