"உங்க அக்கவுண்டுக்கு இனிமே நான்தான் சார் மேனேஜர்" என்று போன் வந்தால்

ஆன்லைனில் விளம்பரம் போட்டுச் சின்னதாகத் தொழில் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளம்பரத் தளத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கை இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டால், அவர் லைனில் இருக்கும்போது எதையும் அழுத்தாதீர்கள். நான் அழுத்தினேன். 19 நாளில் 22,640 ரூபாய் போனது. பழைய கணக்குப்படி அந்த நாட்களுக்கு 7,600தான் ஆகியிருக்கும். பேசியவர் மோசடிக்காரர்கூட இல்லை, நிஜமாகவே அந்தத் தளத்தின் சார்பில் பேசுகிற ஆள்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்குக் கோவை ஆவாரம்பாளையம் பக்கம் கடை. கமர்ஷியல் வெட் கிரைண்டர் விற்பனை, சர்வீஸ், தேய்ந்த கல்லை மாற்றித் தருவது. ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம், மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறவர்கள் வாடிக்கையாளர்கள். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடெல்லாம் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து யாரும் கடை தேடி வருவதில்லை, போனில் தேடித்தான் வருகிறார்கள். அதனால் நாலு வருஷமாகத் தேடல் விளம்பரம் மட்டும் போடுகிறேன். தினம் 400 ரூபாய், கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டம், பத்துப் பன்னிரண்டு கீவேர்டு, அதாவது விளம்பரம் வர வேண்டிய தேடல் சொற்கள். எல்லாம் எக்ஸாக்ட் மேட்ச், அதாவது '20 லிட்டர் கிரைண்டர் விலை' என்றோ அதே அர்த்தத்திலோ தேடினால்தான் என் விளம்பரம் வரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு போன், வாரத்துக்கு இரண்டு மூன்று வியாபாரம். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் மெயில் வந்தது. உங்களுக்கென்றே நியமிக்கப்பட்ட நிபுணர், இந்தக் காலாண்டு முழுக்க உங்களோடு இருப்பார் என்று. நான் பதில் போடவில்லை. அப்புறம் போன், ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர். 1909-இல் சொல்லி, விளம்பரப் போன்களைத் தடுக்கிற டி.என்.டி. ஏற்கெனவே போட்டிருக்கிறேன், இவர்கள் விஷயத்தில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "நீங்க அட்டெண்ட் பண்ணலைன்னா இந்த வாய்ப்பு க்ளோஸ் ஆயிடும் சார்" என்று இன்னொரு மெயில். அந்த மெயிலின் அடியில் சின்ன எழுத்தில் வேறு ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது, இன்னாரின் சார்பில் என்று. தளம் இந்த வேலையை வெளியே ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறது என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும், நான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம் கடையில் கூட்டமில்லை, எடுத்துவிட்டேன். தம்பி நல்ல தமிழில் பேசினார், மரியாதையான பையன், இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் மேலே யாரோ இலக்கு வைத்திருப்பார்கள். மீட்டிங் லிங்க் அனுப்பினார், திரையைப் பகிரச் சொன்னார். முதலில் காட்டியது ஒரு மார்க். உங்கள் கணக்கின் ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 61 என்றார். பத்தாம் வகுப்பு ரேங்க் கார்டைப் பார்த்த மாதிரி எனக்குச் சுருக்கென்றது. "இதை நூறு ஆக்கிடலாம் சார், பத்து நிமிஷம்."

பத்து நிமிஷத்தில் என்னவெல்லாம் செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்கு உங்களிடமும் இதையேதான் சொல்வார்கள். எல்லாக் கீவேர்டையும் பிராட் மேட்சுக்கு மாற்றினோம், அதாவது கொஞ்சம் சம்பந்தம் இருக்கிற தேடலுக்கும் விளம்பரம் வரும். டிஸ்ப்ளே நெட்வொர்க், அதாவது தேடலுக்கு வெளியே மற்ற வெப்சைட்டிலும் ஆப்பிலும் விளம்பரம் காட்டுவது, அந்தப் பெட்டியில் டிக் வைத்தோம். ஊர் செட்டிங்கில், மூன்று மாவட்டத்தில் இருப்பவர்கள் என்றிருந்ததை, அங்கே இருப்பவர்கள் அல்லது அந்த ஊர்களில் ஆர்வம் காட்டுபவர்கள் என்று மாற்றினோம். பட்ஜெட் 400-லிருந்து 1,200. போன் வந்தால் மட்டும் கன்வெர்ஷன், அதாவது விளம்பரத்தால் கிடைத்த பலன், என்று நான் வைத்திருந்தேன், அந்த டேட்டா போதாது, மெஷின் கற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லி, வெப்சைட்டில் 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திறந்தாலும் கன்வெர்ஷன் என்று சேர்த்தோம். கடைசியாக, தளம் இனிமேல் தரும் பரிந்துரைகள் என்னைக் கேட்காமலே அமலாகிற ஆட்டோ அப்ளை. ஸ்கோர் நூறு ஆனது. "இப்ப லேர்னிங் பீரியட் சார், ரெண்டு வாரம் கை வைக்காதீங்க, வச்சா கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கை வைக்கவில்லை. போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறதா, கட்டிங் டிஸ்க் நாலு இஞ்ச் என்ன விலை, காபிக்கொட்டை அரைக்கிறது வேண்டும். சரி, கிரைண்டர் என்றால் எல்லாம்தானே என்று முதல் வாரம் விட்டுவிட்டேன். அப்புறம் ஹிந்தியில் போன் வர ஆரம்பித்தது. எனக்கு ஹிந்தி வராது, கடையில் வேலை செய்கிற பையன்தான் பேசினான். ஜார்க்கண்டிலிருந்து, பீகாரிலிருந்து, கோயம்புத்தூரில் கிரைண்டர் ஆபரேட்டர் வேலை காலியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. இங்கே பவுண்டரிகளில் வார்ப்பைத் தேய்த்து மழுக்குகிற வேலைக்குக் கிரைண்டர் வேலை என்றுதான் பெயர், அதற்கு வடக்கேயிருந்துதான் நிறையப் பேர் வருகிறார்கள். ஒருவர் ராஞ்சியில் உட்கார்ந்து கோயம்புத்தூர், கிரைண்டர், வேலை என்று தேடியிருக்கிறார், கோயம்புத்தூரில் ஆர்வம் காட்டியவர் ஆகிவிட்டார், என் விளம்பரம் அவருக்குப் போயிருக்கிறது, அவர் அழுத்தியதற்கு நான் காசு கட்டியிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்காக எனக்குத் தெரிந்த பவுண்டரியில் சொல்லிவிட்டேன், சேர்ந்தும்விட்டார், அது வேறு கதை.

அதற்குள் தம்பி ஒரு தடவை கூப்பிட்டார். "கன்வெர்ஷன் முன்னூறைத் தாண்டிடுச்சு சார், சூப்பரா போகுது, பட்ஜெட்டை ரெண்டாயிரம் ஆக்கலாமா?" முன்னூறு பேர் 'எங்களைப் பற்றி' பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த 19 நாளில் விற்ற கிரைண்டர் இரண்டு. ஒன்று பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்.

கார்டிலிருந்து பணம் அடிக்கடி பிடிக்கிற மெசேஜ் வர, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாளில் மட்டும் 2,300 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. விதி அப்படித்தான்: தினசரி பட்ஜெட் என்பது சராசரி, ஒரு நாளைக்கு அதைப் போல இரண்டு மடங்கு வரை எடுக்கலாம், மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் வரம்பு. சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தேன். மக்கள் என்ன தேடியபோது நம் விளம்பரம் வந்தது என்று காட்டுகிற பட்டியல் அது, தளத்தில் உருப்படியான ஒரே இடம் என்பேன். மீட் கிரைண்டர், மிளகு கிரைண்டர், ரிப்பேர் வீடியோ, கிரைண்டர் படம் வரைவது எப்படி. நடுவில் அதே உச்சரிப்பில் இருக்கிற ஒரு டேட்டிங் ஆப்பின் பெயர், அதைத் தேடி 14 பேர் என் மாவரைக்கும் கிரைண்டரை அழுத்தியிருக்கிறார்கள். பாவம், அவர்களும் ஏமாந்திருப்பார்கள். டிஸ்ப்ளே பக்கம் இன்னும் மோசம், பாதிப் பணம் குழந்தைகள் பலூன் உடைக்கிற மொபைல் கேமில் போயிருக்கிறது. எந்தப் பிள்ளையோ பலூன் என்று நினைத்து அழுத்த, 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர் திறந்திருக்கும்.

புகார் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: மாற்றங்களைச் செய்தது கணக்கின் உரிமையாளர், ஆகவே திருப்பித் தர இயலாது. யார் எதை மாற்றினார்கள் என்று காட்டுகிற சேஞ்ச் ஹிஸ்டரியில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் என் மெயில் ஐ.டி. தானே மாற்றித் தருகிறேன் என்று அந்தத் தம்பி ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை, ஏன் திரையைப் பகிர வைத்து என் கையாலேயே அழுத்த வைத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 4,075 ரூபாய், அதை மட்டும் இன்புட் கிரெடிட்டில், அதாவது நான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொண்டேன்.

அந்த ஸ்கோர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கும் உங்கள் விளம்பரம் மேலே வருவதற்கும் சம்பந்தம் கிடையாது, கீவேர்டுக்குத் தரும் குவாலிட்டி ஸ்கோர் வேறு. இன்னொரு கூத்து, பரிந்துரையை ஏற்காமல் 'வேண்டாம்' என்று ஒதுக்கினாலும் அதே மார்க் ஏறும். ஒரு பைசா செலவில்லாமல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நூறு வாங்கலாம், நான் வாங்கினேன், திரையில் அதே நூறுதான்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்ற ஒரு மாலை ஆனது. ஆட்டோ அப்ளைதான் ஒளிந்திருந்தது, பரிந்துரைப் பக்கத்தின் மூலையில், உள்ளே போனால் வரிசையாக டிக். ஒவ்வொன்றாக எடுத்தேன். மெயில் செட்டிங்கிலும் 'செயல்திறன் ஆலோசனை', 'சலுகை' என்று இருப்பதையெல்லாம் நிறுத்தினேன், போன் குறைந்தது, நிற்கவில்லை. இப்போது யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: எதை, ஏன் மாற்ற வேண்டும் என்று மெயிலில் எழுதி அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். திரையைப் பகிர மாட்டேன். இதுவரை ஒருவரும் எழுதி அனுப்பவில்லை.

இதே பெயரில் நிஜத் திருடர்களும் வருகிறார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, பில்லிங் நின்றுவிடும், உங்கள் மெயிலுக்கு அக்சஸ் கேட்டு ஒரு ரிக்வெஸ்ட் வந்திருக்கும், அக்செப்ட் கொடுங்கள் என்றார். கொடுத்திருந்தால் என் கார்டில் அவர் விளம்பரம் ஓடியிருக்கும். அசல் ஆளும் இதே அவசரத்தோடுதான் பேசினார் என்பதால் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓ.டி.பி., அக்சஸ் இரண்டையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

புது காலாண்டு பிறந்துவிட்டது, நேற்று புதிதாக ஒரு அம்மா கூப்பிட்டார். என் ஸ்கோர் 58 ஆகிவிட்டதாம். மெயில் போடுங்கள் என்றேன், சரி சார் என்றார். சாயங்காலம் பார்த்தால் புதன்கிழமை 11 மணிக்கு மீட்டிங் என்று என் காலண்டரில் அவரே போட்டு வைத்திருக்கிறார். அந்த நேரத்துக்குப் பீளமேட்டில் ஒரு மண்டபத்தில் கிரைண்டர் இறக்க வேண்டியிருக்கிறது, பழைய எக்ஸாக்ட் மேட்சில் வந்த ஆர்டர்.