அர்த்தம் தெரிகிறது, வாக்கியம்தான் வரமாட்டேன் என்கிறது: ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி

ஆங்கிலத்தை எப்படி வளர்த்துக்கொள்வது என்று யாரைக் கேட்டாலும் ‘தினம் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணு’ என்கிறார்கள். பண்ணலாம், தப்பில்லை. ஆனால் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்று ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆங்கிலத்தில் மெயில் அடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ‘சஜெஸ்ட்’, ‘டிஸ்கஸ்’ எல்லாம் எப்போதோ தெரிந்த வார்த்தைகள்தான். அதை வைத்து ஒரு வரி எழுதப் போகும்போதுதான் கை நிற்கிறது. பக்கத்தில் ‘மீ’ போடலாமா, ‘டு மீ’ போட வேண்டுமா, அடுத்து வருகிற வினைச்சொல்லுக்கு ‘இங்’ சேர்க்க வேண்டுமா? தமிழ் அர்த்தம் மட்டும் தருகிற அகராதியில் இதற்குப் பதில் கிடைக்காது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் கிடைக்கும். புத்தகமாகவும் இருக்கிறது, இணையதளத்தில் இலவசமாகவும் இருக்கிறது. நான் அதிகம் பயன்படுத்துவது இணையதளத்தைத்தான்.

‘சஜெஸ்ட்’ என்று தேடிப் பாருங்கள். அர்த்தம் ஒரு வரியில் முடிந்துவிடும், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் வருவதுதான் சரக்கு: சஜெஸ்ட் சம்திங் டு சம்படி, சஜெஸ்ட் தட், சஜெஸ்ட் டூயிங் சம்திங். ஒவ்வொன்றுக்கும் உதாரண வாக்கியம் உண்டு. அதோடு விடாமல், ‘சஜெஸ்ட் மீ எ குட் டிக்‌ஷனரி’ என்று சொல்லக் கூடாது என்று தனியாக ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் போட்டிருக்கிறார்கள். நம்மை மனதில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். தமிழில் ‘எனக்கு’ என்பது எந்த வினையோடும் ஒட்டிக்கொள்ளும்: எனக்குக் கொடு, எனக்குச் சொல், எனக்கு விளக்கு, எனக்குப் பரிந்துரை செய். ஆங்கிலத்தில் ‘கிவ் மீ’, ‘டெல் மீ’ சரி, ஆனால் ‘எக்ஸ்பிளெயின் மீ’ தவறு, ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ’ என்றுதான் வர வேண்டும். ‘எக்ஸ்பிளெயின்’ பக்கத்திலும் அந்தக் குறிப்பு இருக்கிறது. ‘டிஸ்கஸ் அபவுட்’ இன்னொரு ரகத் தவறு, ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் வருகிற ‘பற்றி’ அப்படியே ‘அபவுட்’ ஆகி வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு.

இப்படி அமைந்ததற்குக் காரணம் இந்த அகராதி பிறந்த இடம். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனார். அங்கே இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து அவர் தயாரித்த அகராதியை 1942இல் டோக்கியோ பதிப்பகம் ஒன்றுதான் முதலில் வெளியிட்டது, ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் எடுத்துப் போட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவனுக்கு ‘எந்த வினைக்குப் பின்னால் எது வரும்’ என்று எழுதிக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஜப்பான் மாணவனுக்கு இருந்தது, நமக்கும் இருக்கிறது.

மெயில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு இடம் சொல்கிறேன். ‘லுக்’ பக்கத்தில் கீழே போனால் ‘லுக் ஃபார்வர்ட் டு’ வரும், அங்கே ‘டு டூயிங் சம்திங்’ என்று தெளிவாகக் காட்டியிருப்பார்கள். ‘ஹியரிங்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடிகிற மெயில் வாரத்துக்கு எத்தனை வருகிறது என்று உங்கள் இன்பாக்ஸையே கேட்டுப் பாருங்கள். அப்புறம் பெயர்ச்சொற்கள். ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’ எல்லாம் எண்ண முடியாதவை என்ற குறியோடு வரும், ஆகவே கடைசியில் ‘ஸ்’ சேர்க்கும் வேலையே இல்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதற்கும் பல இடங்களில் ஒரு பெட்டி உண்டு, திறந்தால் மழைக்கு ‘ஹெவி’ வரும், டீக்கு ‘ஸ்ட்ராங்’ வரும். நாமே பலத்த மழை என்கிறோம், பலத்த டீ என்கிறோமா?

ஒவ்வொரு முக்கியச் சொல்லின் பக்கத்திலும் ஏ1 (ஆரம்ப நிலை) முதல் சி1 (உயர்நிலை) வரை ஒரு நிலை போட்டிருப்பார்கள். முதலில் கற்க வேண்டிய சொற்களைத் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற பட்டியல்தான் இதற்கு அடிப்படை, மேலே போகிறவர்களுக்கு 5000 பட்டியல். புதிதாக ஒரு சொல்லைப் பார்த்ததும் அதைக் கற்றுக்கொள்ள மெனக்கெடலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண இந்தக் குறி ரொம்ப உதவி, போட்டித் தேர்வுக் கையேடுகளில் வருகிற, எவனும் பேசாத சொற்களையெல்லாம் மூச்சுப் பிடித்துப் படிக்கிறவர்கள் இதை ஒருமுறை பார்த்தால் நல்லது. உச்சரிப்புக்கு பிரிட்டிஷ், அமெரிக்கன் என இரண்டு ஒலி. நம்ம ஊர் ‘ப்ரீபோன்’ கூட உள்ளே இருக்கிறது, இந்திய ஆங்கிலம் என்ற முத்திரையோடு.

சரி, குறைகள். தமிழ் ஒரு எழுத்து கிடையாது. விளக்கங்களை எளிய சொற்களில்தான் எழுதுகிறார்கள், இருந்தாலும் பத்தாம் வகுப்பு ஆங்கிலமே தடுமாற்றம் என்கிறவருக்கு இது சுவர் மாதிரி நிற்கும். அவருக்கு முதலில் லிப்கோ போல ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதிதான் சரி, ஒரு வருஷம் கழித்து இங்கே வரட்டும். ‘கெட்’, ‘டேக்’ மாதிரிச் சொற்களைத் திறந்தால் அர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும், எது நமக்கு வேண்டியது என்று கண்டுபிடிப்பதற்குள் எழுத வந்த விஷயமே மறந்துவிடும். பழகியவர்கள் மேலே இருக்கிற குறுந்தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள். முக்கியமாக, இது நீங்கள் எழுதியதைத் திருத்தித் தராது. சந்தேகம் வந்தால்தான் தேடுவோம். சந்தேகமே வராத இடத்தில் இருக்கும் பிழை அப்படியே கிடக்கும். அதற்கு வேறு கருவி வேண்டும், இல்லையென்றால் நன்றாக ஆங்கிலம் தெரிந்த, கொஞ்சம் பொறுமையும் உள்ள ஒரு சக ஊழியர் வேண்டும். இரண்டாவது வகை இப்போது அரிது.

இதே மாதிரி ஆங்கிலம் கற்கிறவர்களுக்கான காலின்ஸ் கோபில்டு அகராதியும் பார்த்திருக்கிறேன். அதில் விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும், ஒருவர் எதிரில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி, படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் வினையின் அமைப்பைக் கண்ணால் சட்டென்று பிடிக்க எனக்கு ஆக்ஸ்ஃபோர்டுதான் வசதி.

வாங்கலாமா? நெட் இருக்கிறவர்களுக்கு இணையதளமே போதும், காசு கொடுத்து ஆப் வாங்குவது நெட் இல்லாத இடத்திலும் வேண்டும் என்கிறவர்களுக்கு. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் புத்தகம் வாங்குங்கள், ஒரு சொல்லைத் தேடப் போய் நாலு சொல்லைப் படித்துவிட்டு வருகிற பழக்கம் திரையில் வராது. புதுசுதான் வேண்டும் என்றில்லை. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை மாதிரி இடங்களில் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் பழைய பதிப்பு மாட்டும், வினை அமைப்புகளும் எச்சரிக்கைகளும் அவற்றிலும் உண்டு. ஏ1, பி2 என்ற அந்த நிலைக்குறிகள் மட்டும் 2020இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் இருக்கும், அதை நம்பித்தான் வாங்குகிறீர்கள் என்றால் அட்டையில் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.