கோத்தகிரிக்காரனுக்கே டீத்தண்ணியில் முக்கிய காமிக்ஸ்: பழைய இதழ், சந்தா வாங்குகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

நாலு மாதமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். வெட்கம்தான் காரணம். நாற்பத்தெட்டு வயதில் படக்கதைப் புத்தகத்துக்காக 17,900 ரூபாயைத் தொலைத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் போன வாரம் என்னை ஏமாற்றிய அதே ஆள் வேறு பெயரில், வேறு நம்பரில், வேறு ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கடை விரித்திருப்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே வருஷத்தில் வந்தபோது எனக்கு எட்டு வயது. பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகத்தை அப்பா வாங்கித் தருவாரா மாட்டாரா என்று மூடுபனியில் நின்றுகொண்டிருந்த நாட்கள். அப்படிச் சேர்த்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. 2009 நவம்பர் மழையில் மலையே சரிந்தபோது எங்கள் வீட்டுப் பின்சுவரும் போனது, பெட்டியும் போனது. சேற்றிலிருந்து எடுத்த புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து அடுப்படியில் காயவைத்துப் பார்த்தோம், கட்டியாக ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆனதுதான் மிச்சம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி சேர்க்கிறேன். ஏமாறுகிறவனுக்கு வேண்டிய தகுதி எல்லாம் என்னிடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இருக்கும் காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ஆள் சேர்ந்தது போன வருஷம் நவம்பரில். சேர்ந்த முதல் வாரத்தில் எதையும் விற்கவில்லை, அதுதான் சாமர்த்தியம். கௌபாய் டெக்ஸ், இரத்தப் படலம் மாதிரித் தமிழில் அடுத்த வருஷம் வரப்போகும் காமிக்ஸ் கதைகளில் என்ன திருப்பம் என்று நுனி நுனியாகச் சொல்ல ஆரம்பித்தார். "டெக்ஸ் கதையில் செத்துப்போனதா நினைச்ச ஒருத்தன் திரும்பி வருவான் பாருங்க", "இரத்தப் படலம் அடுத்த சுற்றுல பழைய முகம் ஒண்ணு எதிரியா மாறும்" என்று. கேட்டால், "பிரஸ்ல ஆள் இருக்கு, இதுக்கு மேல கேக்காதீங்க அண்ணா." குரூப்பே வாயைப் பிளந்தது. நானும்தான்.

இதில் ஒரு ரகசியமும் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. நாம் தமிழில் புத்தம் புதுசாகப் படிப்பதில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் எப்போதோ வந்து முடிந்தவை. டெக்ஸ் இத்தாலியில் 1948-இலிருந்து வந்துகொண்டிருக்கிறார். இரத்தப் படலம் என்று நாம் சொல்லும் கதை 1984-இல் பெல்ஜியத்தில் தொடங்கியது, முதல் சுற்று 19 ஆல்பத்தோடு 2007-இல் முடிந்தது, 2011-இலிருந்து வேறு கதாசிரியர், வேறு ஓவியர் கையில் அடுத்த சுற்று ஓடுகிறது. இணையத்தில் பிரெஞ்சுப் பக்கத்தைத் திறந்து மொழிபெயர்ப்பு பட்டனை அழுத்தினால் எல்லாத் திருப்பமும் அங்கேயே கிடக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்து பிரஸ்ஸில் ஆள் இருக்கிறது என்று சொன்னால் நாம் நம்பிவிடுகிறோம். அப்புறம், டெக்ஸ் கதையில் செத்த வில்லன் திரும்பி வருவான் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

டிசம்பரில்தான் முதல் வியாபாரம். காமிக்ஸ் பதிப்பகத்தின் வருஷச் சந்தாவைத் தன் மூலம் கட்டினால் குறைந்த விலை, 6,500 ரூபாய் போதும், "ஏஜென்ட் கோட்டா" என்றார். கூடவே 2,400 ரூபாய்க்கு நான்கு மாற்று அட்டைகள், அதே கதை, வேறு ஓவியம், மொத்தமே நூறு பிரதிதான், ஒவ்வொன்றிலும் கையால் எண் போட்டுத் தருவார்களாம். "நானும் குன்னூர்க்காரன்தான் அண்ணா, நம்ம மலைக்காரங்களுக்குத்தான் முதல்ல" என்ற ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். பணம் போகும் கணக்கில் பதிப்பகத்தின் பெயர் இல்லை, ஒரு தனியாள் பெயர் இருந்தது. கூகுள் பேயில் அந்தப் பெயரை என் கண்ணாலேயே பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். பதிப்பகத்துக்கு ஒரே ஒரு போன் போட்டு, இப்படி ஏஜென்ட் யாராவது உண்டா என்று கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஜனவரியில் இரண்டு புத்தகம் வந்தது. உண்மையான புத்தகங்கள்தான், எந்தப் புத்தகக் கண்காட்சியிலும் வாங்கலாம். அதை வாங்கி எனக்கு அனுப்பியிருக்கிறார், தூண்டிலில் புழு மாதிரி. அட்டைகளும் வந்தன, மூலையில் சிவப்பு ஜெல் பேனாவில் 37/100. நானும் ஆசையாக வீட்டில் காட்டினேன். மனைவி, "பழைய பேப்பர்காரன் இதையும் கிலோ கணக்குலதான் எடுப்பான்" என்றாள். அதோடு நின்றிருந்தால் நஷ்டம் பாதிதான்.

பிப்ரவரியில் புத்தகம் வரவில்லை. கேட்டதற்கு, கொரியர் வண்டிக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை என்றார். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது 2024 மே மாதம், சுற்றுலா வண்டிகளின் கூட்டத்துக்காக. நான் இங்கேயே இருக்கிறேன், ஃபேக்டரிக்குத் தினமும் கொரியர்காரர் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார், என்னிடம் போய் இ-பாஸ் கதை! அடுத்து மண்சரிவு என்றார். பிப்ரவரியில் இங்கே உறைபனி விழும், மழை எங்கிருந்து வரும்? வந்த ஒரு பார்சல் நனைந்து வந்ததைச் சொன்னபோது, "நீலகிரியில் பிளாஸ்டிக் தடை இருக்கே அண்ணா, அதான் கவர் போடலை" என்று கலெக்டர் மாதிரிப் பேசினார். சரி, அந்தப் பதிலுக்கு மட்டும் நான் கொஞ்சம் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அவரிடமே 9,000 ரூபாய் கொடுத்தேன் என்பதுதான் என் புத்தியின் அழகு. அவர் காட்டிய பொருள் அப்படி. முத்து காமிக்ஸின் முதல் இதழ், இரும்புக்கை மாயாவி. குன்னூரில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்யும்போது அலமாரியில் கிடைத்ததாம், 1972 ஜனவரி, முதல் பதிப்பு, நாற்பதாயிரத்துக்குக் கேட்கிறார்கள், உங்களுக்காக ஒன்பதாயிரம். படம் அனுப்பினார், நீலப் பூப்போட்ட பெட்ஷீட் மேல் புத்தகம், பழுப்பேறிய தாள், கொஞ்சம் மடங்கிய மூலை. அந்தப் படத்தை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை பார்த்தேன். விடிந்ததும் பணத்தை அனுப்பிவிட்டேன்.

பார்சலை ஃபேக்டரியில் வைத்துத்தான் பிரித்தேன். பிரித்ததும் வந்த வாசனை எனக்குத் தினமும் பழகிய வாசனை. முதலில் ஃபேக்டரி வாசனைதான் மூக்கில் நிற்கிறது என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடி முகர்ந்தேன். அதேதான். டீ. அதுவும் டஸ்ட் கிரேடு, கொதிக்கவிட்ட டிகாஷன். பஞ்சை நனைத்து ஒரு பக்கத்தின் ஓரத்தில் லேசாகத் தடவினேன், பஞ்சு பழுப்பாக வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்கள், இவர் கோத்தகிரியில் இருக்கும் டீ மேக்கருக்கே டீத்தண்ணீரை ஒன்பதாயிரத்துக்கு விற்றுவிட்டார். எங்கள் விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்கவில்லை என்று எத்தனை வருஷமாகப் போராடுகிறார்கள். விற்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நானும் பையனும் உட்கார்ந்தோம். நீங்கள் பழைய இதழ் வாங்குவதானால் இதைக் கவனியுங்கள். நியூஸ்பிரிண்ட் தாள் வயதாகும்போது காற்றும் வெளிச்சமும் படும் ஓரத்திலிருந்துதான் முதலில் பழுக்கும், நடுப்பக்கம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். இதில் நடு, ஓரம் எல்லாம் ஒரே பழுப்பு, ஒரு பக்கத்தில் மட்டும் தட்டின் விளிம்பு மாதிரி வளைவாக ஒரு கறை. எழுத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் பளபளத்தது. ஆஃப்செட் மை அந்த மாதிரித் தாளில் ஊறி மங்கிப்போகும், ஜெராக்ஸ் டோனர் மேலேயே உட்கார்ந்து மின்னும். அட்டையை முதுகில் மடித்த இடத்தில் கறுப்பு நிறம் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிந்தது, அதுவும் டோனரின் வேலை. அட்டைப் படத்தில் முகத்தின் மேல் அலை அலையாக ஒரு கோலம். ஏற்கெனவே அச்சான புள்ளிகளை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் வரும் கோலம் அது.

ஸ்டேப்பிள் பின்னைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. குன்னூர் பங்களா அலமாரியில் ஐம்பது வருஷம் கிடந்ததாகச் சொன்ன புத்தகத்தின் பின் வெள்ளி மாதிரி மின்னியது. இந்த ஈரத்தில் போன வருஷம் வாங்கிய நோட்டுப் புத்தகத்தின் பின்னே துருப்பிடித்துத் தாளில் செம்மண் கறை இறங்கிவிடுகிறது. நடுப்பக்கத்தைத் திறந்து பின்னைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் போதும், பணம் கொடுக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

கடைசி ஆணியை அடித்தது பையன். உள்ளே ஒரு ஓரத்தில் பதிப்பக முகவரி. அதில் சிவகாசி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கப் பின்கோடு. "அப்பா, பின்கோடு எந்த வருஷம் வந்தது?" என்று கேட்டுவிட்டு அவனே போனில் தேடினான். 15 ஆகஸ்ட் 1972. ஜனவரியில் அச்சான புத்தகத்துக்கு ஆகஸ்டில் பிறந்த பின்கோடு எப்படி வந்தது? அதற்கப்புறம் வந்த ஏதோ மறுபதிப்பை ஸ்கேன் செய்து, முதல் இதழின் அட்டைப் படத்தை முன்னால் ஒட்டி, டீயில் முக்கிக் காயவைத்திருக்கிறார். கதை படிக்க வேண்டுமென்றால் மறுபதிப்பே போதும், யாரும் ஒன்பதாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.

கொடுத்திருந்த குன்னூர் விலாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். பெட்ஃபோர்டு பக்கம் பூட்டிய பங்களா, வாட்ச்மேன் மட்டும் இருந்தார். பெயரைச் சொன்னேன். "தம்பி, நீங்க மூணாவது ஆள்" என்றார்.

குரூப்பில் எழுதினேன். அட்மின், இது உங்கள் தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல், இங்கே குழப்பம் வேண்டாம் என்று அழித்துவிட்டார். ஆனால் அழிக்கும் முன் திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் படித்துவிட்டுத் தனியாக அழைத்தார். அவரும் என்னை மாதிரியே வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தவர். தன்னிடம் இருக்கும் மாற்று அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். அதே சிவப்பு ஜெல் பேனா, அதே 37/100. நூறு பிரதியில் இரண்டு முப்பத்தேழு! எத்தனை முப்பத்தேழு இருக்கிறதோ. உண்மையிலேயே பதிப்பகம் போடும் மாற்று அட்டைகூட நாளைக்கு விலை ஏறும் என்று நினைத்து வாங்கினால் கஷ்டம்தான். 1991-இல் அமெரிக்காவில் எக்ஸ்-மென் புதுத் தொடரின் முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளில் விட்டு 80 லட்சத்துக்கு மேல் விற்றார்கள். அத்தனை பேரும் உறை போட்டுப் பத்திரப்படுத்தினார்கள், எல்லோரிடமும் இருக்கும் பொருளை எவன் விலை கொடுத்து வாங்குவான்? அட்டை பிடித்திருந்தால் வாங்குங்கள், அவ்வளவுதான்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன், ஒப்புகை எண் வந்தது. ஆனால் அந்த நம்பருக்குப் பணம் போன உடனே அழைத்தால்தான் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வழி உண்டு. நான் பல வாரம் கழித்து அழைத்தேன், அதனால் பெரிய நம்பிக்கை இல்லை. திருப்பூர் நண்பரும் பதிவு செய்துவிட்டார். உங்களில் யாராவது ஏமாந்திருந்தால் வெட்கப்படாமல் பதிவு செய்யுங்கள், எண்ணிக்கை கூடினால் எங்கள் புகாருக்கும் பலம்.

புது நம்பரில் இப்போது அவர் விற்பது பழைய தமிழ் இந்திரஜால் காமிக்ஸ், வேதாளர் கதை. இந்தத் தடவை பங்களா கொடைக்கானலில் கிடைத்ததாம். பெயர், டிபி, பேச்சு எல்லாம் மாற்றிவிட்டார், "அண்ணா" போய் "ஜி" வந்துவிட்டது. படத்தில் புத்தகத்துக்கு அடியில் கிடக்கும் நீலப் பூப்போட்ட பெட்ஷீட்டை மட்டும் மாற்றவில்லை. இடது மூலையில் இஸ்திரிப்பெட்டி பட்டுக் கருகின முக்கோணம் ஒன்று இருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.