கம்பர்லேண்ட் சைக்கிள் பயணம்: 1,460 டாலர் போச்சு. முன்பணம் அனுப்பும் முன் இதைப் படிங்க

போன சனிக்கிழமை காலை நடந்தது. இன்றைக்குச் செவ்வாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் இருக்கும் நம் ஆட்கள், முக்கியமாக ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்திருப்பவர்கள், முழுசாகப் படியுங்கள். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

அப்பா ரயில்வேயில் கீமேனாகச் சேர்ந்து முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடு நடந்தவர். மதுரை–ராமேஸ்வரம் பாதையில் தினம் சுத்தியலும் ஸ்பானருமாக மைல் கணக்கில் நடை. வேலைக்குப் போய்வந்தது சைக்கிளில். ஜூலையில் இங்கே வந்தார். இங்கே பழைய ரயில் பாதைகளில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, பொடிக்கல் போட்டுச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லேண்ட் வரை 150 மைல் அப்படி ஒரு பாதை. அதில் கிழக்குப் பகுதி முழுக்க 1975-ல் ஓட்டம் நின்ற வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் பாதை. அது முடிகிற இடத்தில் சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்க் கரைப்பாதை தொடங்கி 184.5 மைல் வாஷிங்டன் வரை வருகிறது. அந்தக் காலத்தில் கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை அது.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏத்தம் எவ்வளவும்மா?" நூற்றுக்கு இரண்டுகூட வராது என்றேன். "ரயில் ஏறின பாதைல்ல, அப்படித்தான் இருக்கும். நான் மிதிச்சிடுவேன்" என்றார். அன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டு போட்டுவிட்டார். கால்வாய்க்காரர்களும் அவர்களுக்குப் போட்டியான பி அண்ட் ஓ (பால்டிமோர் அண்ட் ஒஹாயோ) ரயில்காரர்களும் 1828 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். ரயில் 1842-ல் கம்பர்லேண்ட் வந்துவிட்டது, கால்வாய் வந்து சேர 1850 ஆகிவிட்டது. கால்வாய்க்காக மலையைக் குடைந்த பாபா சுரங்கம் ஒன்றுக்கே, 3,118 அடிதான், 14 வருஷம் இழுத்திருக்கிறது. இதையெல்லாம் பேனாவால் எழுதி, ரயில் ஜெயித்த இடத்தில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்.

பக்கத்து ஊர்க்காரர்களே சைக்கிள், வேன், அறை எல்லாம் வாடகைக்கு விடுகிற ஆப்கள் இருக்கின்றன இல்லையா, அதில் ஒன்றில்தான் தேடினேன். பெயர் வேண்டாம். ஒருவர் எல்லாம் சேர்த்துப் போட்டிருந்தார்: இரண்டு சைக்கிள், பின்னால் மாட்டும் பைகள், மூன்று ராத்திரி தங்க இடம், பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுவந்து வைக்க ஒரு வேன். கம்பர்லேண்டில் ஏற்றி, மேல்மலையில் இருக்கும் மையர்ஸ்டேலில் இறக்கிவிடுவார். அங்கிருந்து எட்டு மைல் மெதுவான ஏற்றம், 2,392 அடி உயரத்தில் நீர்பிரி மேடு, அதாவது மழைத்தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் இடம். அதைத் தாண்டினால் பிக் சாவேஜ் சுரங்கத்துக்குள் புகுந்து கம்பர்லேண்ட் வரை ஏறக்குறைய 24 மைல் இறக்கம். மறுநாள் கால்வாய்க் கரையில் பாபா, அதற்கடுத்த நாள் ஹான்காக். அவசரமே இல்லாத பயணம். அறுபத்தாறு வயசுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆப்பில் விலை 1,680 டாலர். அந்த ஆள் போனில் பேசினார். நான் நம்பியது எந்த இடத்தில் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களையும் அங்கேதான் பிடிப்பார்கள். "உங்க அப்பா என்ன உயரம்? முட்டி வலி உண்டா?" என்று கேட்டார். ஐந்தடி நாலு அங்குலம், இடது முட்டி கொஞ்சம் பிடிக்கும் என்றேன். "அப்படின்னா குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள் தரேன், காலைத் தூக்கிப் போட வேண்டாம். சீட்டையும் முன்னாடியே இறக்கி வைக்கிறேன்" என்றார். இரண்டு மணி நேரத்தில் போட்டோ வந்தது. பச்சை நிறச் சைக்கிள், ஹேண்டில்பாரில் ஒரு அட்டை, அதில் மார்க்கரால் ஆங்கிலத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தது. பேச்சுக்கு நடுவே நான் சொன்ன வார்த்தையைப் பிடித்து எழுதியிருக்கிறார். அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்ல மனுஷன்மா" என்றார்.

அதற்கப்புறம்தான், "ஆப்காரனுக்குக் கமிஷன் எதுக்கு, நேரா பேங்கிலேர்ந்து அனுப்புங்க, 1,460-க்கு முடிச்சுத் தரேன்" என்றார். அனுப்பினேன். முட்டி வலியைக் கேட்ட ஆள் ஏமாற்றுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 220 டாலர் மிச்சம் என்று பார்த்து 1,460 டாலரைக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் டப்பாவில். எட்டு மணிக்கு கம்பர்லேண்ட் பழைய ரயில் நிலையத்தின் முன்னால் வேன் நிற்கும் என்று பேச்சு. எட்டரை ஆனது. கூப்பிட்டேன், அந்த ஆள் போன் எடுத்தார்: "டிரைவர் வந்துட்டே இருக்கார், பத்து நிமிஷம்." ஒன்பதேகாலுக்கு, "டயர் பஞ்சர்." பத்து மணிக்கு ரிங் போகிறது, எடுக்கவில்லை. பத்தரைக்கு ரிங்கே போகவில்லை. ஆப்பில் அனுப்பிய செய்தியைப் பார்த்ததாக அடையாளம் வருகிறது, பதில் இல்லை.

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பேன்ட் காலில் துணி கிளிப் மாட்டியிருந்தார், செயினில் படாமல் இருக்க, ஊரில் செய்கிற மாதிரி. அங்கேயே கால்வாய் முடிகிற இடத்துக்கு நடந்து போய், சேற்றோடு வந்து இறங்கும் சைக்கிள்காரர்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "விடும்மா, ஸ்டேஷனாவது பார்த்தாச்சு. 1913-ல கட்டினது, செங்கல் வேலை நல்லா இருக்கு" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. காருக்குள் போய் அழுதேன்.

பிறகு தொடங்கியது இன்னொரு அலைக்கழிப்பு. ஆப்காரர்களின் சாட்டில் மூன்று பேர், மூன்று பெயர், ஒரே வாசகம்: தளத்துக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. சரி, என் பணத்தை விடுங்கள், அந்த ஆளின் விளம்பரத்தையாவது எடுங்கள் என்று கெஞ்சினேன். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்." ஞாயிறு ராத்திரி பார்க்கிறேன், விளம்பரம் அப்படியே இருக்கிறது. அக்டோபர் கடைசி வாரத்துக்கு இடம் இருக்கிறது என்று வேறு போட்டிருக்கிறது! என் 1,460 டாலரைவிட இதுதான் எனக்கு வயிறு எரிகிறது. இலை நிறம் மாறுகிற இந்த வாரங்களில்தான் எல்லோரும் அந்தப் பாதைக்குப் போவார்கள், இன்னும் எத்தனை குடும்பம் அந்த நிலையத்தின் முன்னால் போய் நிற்கப்போகிறதோ.

பேங்க்கில் நாற்பத்தைந்து நிமிஷம் பாட்டுக் கேட்டபின் ஒரு அம்மா பேசினார். "பணத்தை நீங்களே அனுப்பியிருக்கிறீர்களே?" ஆமாம், நான்தான் அனுப்பினேன். ஏமாற்றப்பட்டு அனுப்பினேன். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசமும் அவர்களுக்கு இல்லை. வேறு ஒரு பிரிவுக்கு மாற்றினார்கள், அங்கே போய் லைன் கட். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒரு புகார் எண், பத்து வேலை நாள். போலீஸில் எழுதிக்கொடுத்தாயிற்று, இணைய மோசடிப் புகார்களை வாங்கும் எஃப்.பி.ஐ.யின் ஐசி3 தளத்திலும் புகார் போட்டாயிற்று.

திங்கட்கிழமை அந்தச் சைக்கிள் போட்டோவை இணையத்தில் தேடினேன். அதே பச்சைச் சைக்கிள், அதே சுவர். நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாய்ப் பாதைக்கான விளம்பரத்தில், வேறு ஆள் பெயரில். அதிலும் ஹேண்டில்பாரில் அட்டை இருக்கிறது. அதில் வேறு யாரோ ஒருவரின் அம்மா பெயர்.

எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இரண்டாம் நாள் பெட்டியை எங்கே தருவீர்கள் என்று கேட்டபோது, "பாபா சுரங்க வாசலில் வேனோடு நிற்பேன்" என்றார். அந்த வாசலுக்கு வேன் போக வழியே கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுக் கரைப்பாதையில் அரை மைல் நடந்துதான் போகணும். அந்தப் பக்கம் ஒரு தடவையாவது போன ஆளுக்கு இது தெரியும். படங்களில் பாதை கரேலென்று தார் ரோடாக இருந்தது. கம்பர்லேண்டிலிருந்து பாபா வரை கால்வாய்க் கரை மண்ணும் பொடிக்கல்லும்தான், மழை பெய்தால் சேறு. இவை இரண்டும் அப்பாவின் நோட்டிலேயே இருந்தன. நான் புரட்டிப் பார்க்கவில்லை.

விவரமாகப் பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டு வாங்க மாட்டேன் என்றால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். கம்பர்லேண்ட், ஹான்காக் போன்ற ஊர்களில் பாதையை ஒட்டியே சைக்கிள் கடைகள் இருக்கின்றன. கடை முகவரியை மேப்பில் பார்த்து, கடை நம்பருக்கே அடித்துப் பேசுங்கள். படத்தை இணையத்தில் ஒரு தடவை தேடிப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. பச்சைச் சைக்கிளும் கையால் எழுதிய அட்டையும் வந்தால் அதே ஆள்தான்.

அப்பாவுக்கு 28-ஆம் தேதி ஃப்ளைட். அதற்குள் ஒரு நாளாவது, அந்த ஊர்க் கடையிலேயே நேரில் போய் வாடகைக்கு எடுத்து, கரையில் பத்து மைல் கூட்டிப்போகப் பார்க்கிறேன். பேங்க்கிலிருந்து அந்த 1,460 டாலருக்கு என்ன பதில் வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன்.