முட்டைக்குள் சால்மோனெல்லா: ஸ்வீடன் அழிக்கிறது, பிரிட்டன் ஊசி போடுகிறது, அமெரிக்கா கழுவுகிறது

முட்டை ஓட்டில் எச்சம் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுச் சமைக்கிறோம். சால்மோனெல்லா என்டரைட்டிடிஸ் என்ற பாக்டீரியா விஷயத்தில் அது போதாது. இது கோழியின் சூலகத்திலும் முட்டைக்குழாயிலும் குடியேறி, ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடும். கோழிக்கு நோய் இருப்பதே தெரியாது. வழக்கம்போல் தீவனம் எடுக்கும், முட்டையிடும். பண்ணைக்காரர் கண்ணுக்குப் படாத எதிரி என்பதால்தான், இதை எந்த இடத்தில் மறிப்பது என்பதில் நாடுகள் வெவ்வேறு வழியில் போயின.

ஸ்வீடனின் வழி ஆகக் கடுமையானது. 1953இல் ஆல்வெஸ்டா என்ற ஊரின் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லாவால் சுமார் 9,000 பேர் நோயுற்றார்கள், 90 பேர் அளவில் இறந்தார்கள். அந்த அடியில் பிறந்ததுதான் அவர்களுடைய கட்டுப்பாடு. கோழிகளை அடிக்கடி பரிசோதிப்பார்கள். கிருமி உறுதியானால் மந்தையையே அழித்து, கொட்டகையைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, மறுபடி மாதிரி எடுத்துச் சுத்தம் என்று தெரிந்த பிறகே புதுக் குஞ்சு இறக்க முடியும். தடுப்பூசியை நம்பி அவர்கள் இல்லை. தீவனத்தைக் குறைந்தது 75 டிகிரியில் சூடாக்குகிறார்கள். தீவன ஆலைக்குள்ளேயே மாதிரி எடுக்கிறார்கள். 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது, வெளியிலிருந்து வரும் முட்டைக்கும் இறைச்சிக்கும் சால்மோனெல்லா சோதனை வேண்டும் என்று தனிச் சலுகையே வாங்கிக்கொண்டார்கள். பிடிபடும் மந்தைகள் மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே கட்டுப்படியாகும் கணக்கு இது.

அதே வழியை பிரிட்டனும் முயன்றது. 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார். முட்டை விற்பனை படுத்துவிட்டது. இரண்டே வாரத்தில் அவர் பதவி விலகினார். 1989இல் பாதிக்கப்பட்ட முட்டைக்கோழி மந்தைகளை அழிக்க ஆரம்பித்தார்கள், 1993இல் அதையும் கைவிட்டார்கள். ஏன் எடுபடவில்லை? கோழியை அழித்தார்கள், கொட்டகையில் எலி இருந்தது. கிருமி தொற்றிய சுண்டெலியின் ஒரே புழுக்கையில் லட்சத்துக்கும் மேல் பாக்டீரியா இருக்கக்கூடும். தீவனத் தொட்டியில் நாலு புழுக்கை விழுந்தால் புதிதாக இறக்கிய சுத்தமான கோழிக்கும் அதே கதிதான்.

அப்புறம்தான் தடுப்பூசிக்கு வந்தார்கள். முதலில் குஞ்சு பொரிக்க முட்டையிடும் தாய்க்கோழிகளுக்கு, 1998 முதல் பிரிட்டன் முட்டைத் துறையின் தர முத்திரையான சிங்க முத்திரைத் திட்டத்தின் கீழ் முட்டைக்கோழிகளுக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்போது மிகுந்திருந்த என்டரைட்டிடிஸ் வகையால் 1997இல் 14,771 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. 2009இல் அது 581. ஊசி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். எலிக் கட்டுப்பாடு, சுத்தம், முட்டையில் அச்சிடும் தேதி, பண்ணை எண் எல்லாம் அதே திட்டத்தில் உண்டு. 2017இல் பிரிட்டன் உணவுத் தர முகமை, சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும்கூட ஆஃப் பாயிலாகச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது. 1988இல் ஆடிப்போன நாட்டுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஊசிக்கு எல்லையும் உண்டு. அது தொற்றைக் குறைக்கும், முழுதாக அடைக்காது. கிருமி அளவு மிஞ்சினால் ஊசி போட்ட கோழியும் எச்சத்தில் வெளியேற்றும். சால்மோனெல்லாவின் எல்லா வகைகளுக்கும் எதிராக அது வேலை செய்வதுமில்லை. ரத்தத்திலோ முட்டையிலோ எதிர்ப்பொருள் பார்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை இருந்தால், ஊசி அதையும் குழப்பிவிடும்.

அமெரிக்காவுக்கு வருவோம். கழுவுவதும் குளிரூட்டுவதும் அங்கே முதல் அரண். கழுவும் நீர் முட்டையைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்பது விதி. குளிர்ந்த நீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளை வழியே அழுக்கு நீரை உள்ளிழுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக நேர்மாறு: கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் கெடும் என்று முதல்தர முட்டையைக் கழுவவே விடுவதில்லை. எனக்கு ஐரோப்பிய வாதம் சரியாகப் படுகிறது. கழுவுவது ஓட்டுக்கு வைத்தியம். நோய் உள்ளே இருக்கிறது.

2010 ஜூலையில் அமெரிக்காவின் பெரும்பண்ணைகளுக்குப் புதிய முட்டை விதி நடைமுறைக்கு வந்தது. எலிக் கட்டுப்பாடு, சோதனை, குளிரூட்டல் கட்டாயம்; தடுப்பூசி பண்ணையின் விருப்பம். அடுத்த மாதமே அயோவாவின் இரண்டு பண்ணைகளிலிருந்து 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆய்வாளர்கள் உள்ளே போனபோது கொட்டகைக்கு அடியில் எரு 4 முதல் 8 அடி வரை குவிந்து, அதன் கனத்தில் கதவு பிதுங்கித் திறந்திருந்தது. எலி, ஈ, கூண்டிலிருந்து தப்பி எருவில் நடக்கும் கோழி எல்லாம் இருந்தன. கடைக்குப் போன முட்டைகள் மட்டும் பளபளவென்று கழுவப்பட்டவை.

நாமக்கல் பண்ணைக்காரர் ஒருவர் இந்த மூன்றில் எதை எடுப்பது என்று கேட்டால், ஸ்வீடனைக் கைகாட்ட மாட்டேன். காற்றோட்டத்துக்காகப் பக்கவாட்டில் திறந்துவிட்ட கொட்டகை, சுற்றிலும் பண்ணைகள், மந்தையை அழித்தால் இழப்பைத் தாங்கப் போவது யார் என்ற கேள்வி. கழுவி விற்பதும் வேண்டாம். கடைவரை குளிர்ச்சி அறுபடாமல் கொண்டுபோக வழியில்லாத இடத்தில் கழுவிய முட்டை இன்னும் ஆபத்து. பிரிட்டன் வழிதான் ஒத்துவரும், ஆனால் அவர்கள் கற்ற வரிசையில்: தாய்க்கோழிப் பண்ணையிலிருந்தே சோதித்த குஞ்சு, ஒரு பேட்ச் போய் அடுத்தது வருவதற்குள் எலி ஒழிப்பு, ஒரு கொட்டகையின் கிருமி அடுத்ததற்குப் போகாமலிருக்கக் கொட்டகைக்கொரு செருப்பு, அதன்பின் ஊசி. ஊசிக்குக் காசு கொடுத்துவிட்டு எலியை விட்டுவைத்தால், 1993க்கு முந்தைய பிரிட்டனைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.